கயிற்றில் வைத்த கை

"மாமா, கடல்ல வேலி எங்க போட்டிருக்காங்க?"

பதினோரு வயதுச் சிறுமி ஒருத்தி சடையனிடம் இப்படிக் கேட்டாள். எழுபத்தொன்றாம் வருஷம், ஆவணி மாதத்துக் காலை. திருவிடந்தைக்குத் தெற்கே, புதுக்கல் குப்பத்துக் கரையில் ஆணும் பெண்ணுமாக இரண்டு வரிசையில் நின்று கரைவலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு வரிசையில் சடையன் முதல் ஆள். முப்பத்தைந்து வயது, முரட்டு உடம்பு, அதைவிட முரட்டுக் கை. குப்பத்தில் பாதிப் பேர் அந்தக் கையால் ஒரு தடவையாவது அடி வாங்கியவர்கள்.

"இன்னா பாப்பா கேக்கற? கடல்ல இன்னா கத்திரிக்கா தோட்டமா கீது, வேலி போட?" என்று சிரித்தான்.

சிறுமி சிரிக்கவில்லை. "அப்ப ஏன் அந்தக் கரையிலயும் எங்களக் கள்ளத்தோணிங்கிறாங்க, இந்தக் கரையிலயும் கள்ளத்தோணிங்கிறாங்க?"

பதில் தெரியாத இடத்தில் கையை ஓங்குவதுதான் சடையன் பழக்கம். அன்று என்னவோ ஓங்கவில்லை. கயிற்றைச் சற்றுத் தளர்த்தி அவள் பக்கம் தள்ளினான்.

"வாயப் பாத்துகினு நிக்காத. புடி."

அவள் பிடித்தாள்.

வலையின் இரண்டு முனையும் கரையில் சேருவதற்குள் யார் வந்து கயிற்றில் கை வைத்தாலும் அவர்களுக்கு ஒரு பங்கு மீன் உண்டு. எந்த ஊர், என்ன சாதி என்று கேட்கக் கூடாது. அது அந்தக் குப்பத்து வழக்கம். அன்று அந்தச் சிறுமியின் பாவாடை மடியில் ஒரு கை நிறையக் காரப்பொடி மீன் விழுந்தது. அவள் அதைக் கொண்டுபோய்க் கொடுத்த இடத்தில் அவள் அம்மா சந்திரம்மா மணலில் உட்கார்ந்து ஓசையில்லாமல் அழுதுகொண்டிருந்தாள்.

அவர்கள் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்தவர்கள். தோட்டத்தில் நடந்த கலவரத்தில் சிறுமியின் அப்பாவை வீட்டு வாசலிலேயே வெட்டிப் போட்டார்கள். இந்தியாவுக்குப் போக அவர் கொடுத்த மனு ஏதோ ஒரு மேஜையில் கிடக்க, வீடும் எரிந்துபோக, தாயும் மகளும் கழுத்துச் சங்கிலியைக் கொடுத்துத் தோணி ஏறினார்கள். செய்யூர்ப் பக்கம் ஒரு சேரிதான் அப்பாவின் பூர்வீகம். அங்கே போனால் அவர்களைத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. கூலி வேலை தேடிக் கரையோரமாக நடந்து நடந்து புதுக்கல் குப்பத்துக்கு வந்து சேர்ந்தார்கள். சிறுமியின் பெயர் மார்கரெட்.

சடையனுக்கும் அவன் மனைவி வேண்டாவுக்கும் பிள்ளை இல்லை. குப்பத்தின் ஓரத்தில் தாய்க்கும் மகளுக்கும் ஒரு குடிசை போட்டுக் கொடுத்ததும், அடுத்த மாதம் மார்கரெட்டைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கக் கூட்டிப்போனதும் சடையன்தான். அங்கேதான் அந்தத் தவறு நடந்தது.

அதிகாரி எவரானாலும் குப்பத்துக்கு ஒரே வாய்தான். ஊர்த் தலைவரான நாட்டார் ஜம்புலிங்கம் முதலில் ஒன்று சொல்வார். பிறகு கேட்பவர் போலீஸானாலும் வாத்தியாரானாலும் எல்லாரும் அதையே சொல்ல வேண்டும். மாற்றிச் சொன்னவன் வீட்டோடு யாரும் பேசமாட்டார்கள். அவன் கயிற்றில் கை வைக்க முடியாது. பரம்பரை பரம்பரையாக அடி வாங்கிய ஜனங்கள் தங்களைக் காத்துக்கொள்ளக் கட்டிய சுவர் அது. மார்கரெட் விஷயத்தில் ஜம்புலிங்கம் யோசித்து, "நம்ம சடையன் பொண்ணுன்னு சொல்லிடு. சிலோன்லேர்ந்து வந்தவன்னு சொன்னா போலீசு புச்சிகினு போயிடும்" என்றார்.

பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "சடையன் மக மார்கரெட்டா? எப்படிய்யா?"

"வேளாங்கண்ணிக்கு வேண்டிகினு பொறந்த கொயந்த சார்" என்றான் சடையன்.

அவர் சிரித்தபடி எழுதிக்கொண்டார். தகப்பன் பெயர் சடையன். பிறந்த ஊர் புதுக்கல் குப்பம். அதன் கீழே சடையன் பெருவிரலை அழுத்தி வைத்தான். நல்லது செய்ததாகவே நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தான்.

ஆறு வருஷம் போயிற்று.

எழுபத்தேழாம் வருஷம் கார்த்திகையில் விசைப்படகுகள் கரையை ஒட்டி வலை இழுக்க ஆரம்பித்தன. கட்டுமரக்காரர்களின் வலைகள் தினமும் அறுபட்டன. கேட்கப் போனவர்கள் மீது ஐஸ் கட்டியும் இரும்புக் குண்டும் வந்து விழுந்தன. ஒருநாள் விடிந்து ஒரு நாழிகை இருக்கும். சடையனின் தம்பி நீலமேகம் போன கட்டுமரத்தின்மேல் விசைப்படகு ஒன்று நேராக ஏறியது. மரம் இரண்டாகப் பிளந்தது. நீலமேகத்தின் உடம்பு மதியத்துக்குள் கரை ஒதுங்கிவிட்டது. படகின் பின்பக்க விசிறியில் சிக்கிச் சிதைந்த தலையைப் பார்த்துவிட்டு வேண்டா தன் சேலைத் தலைப்பால் அதை மூடினாள்.

அதே படகு மறுநாள் எந்திரம் நின்றுபோய்க் குப்பத்துக்கு எதிரிலேயே தத்தளித்தது. பதினைந்து கட்டுமரங்கள் அதைச் சூழ்ந்தன. சடையன்தான் முதலில் தாவி ஏறினான். படகோட்டி வீசிய அரிவாள் அவன் இடது தோளைப் பிளந்தது. வலி தெரியவில்லை. துடுப்பால் படகோட்டியின் முகத்தில் அடித்துக் கடலில் தள்ளினான். மற்றவர்களும் குதித்துவிட்டார்கள். சமையல்காரன் ஒருவன் மட்டும் அடுப்புக்குப் பக்கத்தில் கைகூப்பி நின்றான். ஒல்லியான மனிதன். "அண்ணாத்த, நான் சோறாக்க வந்தவன். எனக்கு ஒண்ணும் தெரியாது அண்ணாத்த" என்றான்.

சடையன் அவன் முழங்காலைக் குறிவைத்து அடித்தான். எலும்பு முறிந்த சத்தம் கடல் இரைச்சலுக்கு நடுவிலும் கேட்டது. அவன் கீழே விழுந்தபின்னும் ஒரு தடவை அடித்தான். பிறகு யாரோ அந்தச் சமையல்காரனைத் தூக்கிக் கட்டுமரத்தில் போட, யாரோ டீசலைக் கொட்டித் தீ வைத்தார்கள். நீலமேகத்துக்குப் பழி வாங்கியாயிற்று என்று குப்பம் ஆர்ப்பரித்தது. கோபத்தில் அடிக்கும் அடி தவறு செய்தவன் மேல் விழுவது அபூர்வம். பெரும்பாலும் பக்கத்தில் நின்றவன் மேல்தான் விழுகிறது. சடையனுக்கு அது அன்று தெரியவில்லை.

பிற்பகலில் இரண்டு லாரிகளில் போலீஸ் வந்தது. அகப்பட்டவர்களையெல்லாம் அடித்தார்கள். சட்டி பானை உடைந்தது. நான்கு குடிசைகள் சரிந்தன. இரத்தம் ஒழுக ஒழுகச் சடையன் சவுக்குத் தோப்புக்குள் ஓடி ஒரு பள்ளத்தில் விழுந்தான்.

கண் விழித்தபோது மார்கரெட் குனிந்திருந்தாள். பள்ளிக்கூடம் விட்டுத் தோப்பு வழியாக வந்திருக்கிறாள். அவன் தோளைப் பார்த்தாள். தன் நீலத் தாவணியை உருவிப் பல்லால் கடித்து இரண்டாகக் கிழித்தாள். ஒரு பாதியை மடித்து வெட்டுவாயில் வைத்து மறு பாதியால் இறுக்கிக் கட்டினாள். அவளிடம் இருந்தது அந்த ஒரே தாவணி. பள்ளிக்கூடத்துச் சீருடை.

"அசையாதீங்க மாமா" என்று சவுக்குச் சருகை அள்ளி அவன்மேல் போட்டாள். புத்தகப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு பத்தடி நடந்திருப்பாள். போலீஸ் வந்துவிட்டது.

"இந்தப் பக்கம் ஒருத்தன் ஓடியாந்தானா?"

"நான் பாக்கல சார்."

"தாவணி எங்கடி?"

"கரையில தள்ளுமுள்ளுல போயிருச்சு சார்."

அறை விழுந்த சத்தம் சடையனுக்குக் கேட்டது. சருகின் இடுக்கு வழியே எல்லாமே தெரிந்தது. அவள் விழுந்து எழுந்தாள். வாயிலிருந்து இரத்தம் வடிந்தது. மறுபடி கேட்டார்கள், மறுபடி அதையே சொன்னாள். லத்தி அவள் வலது மணிக்கட்டில் இறங்கியது. புத்தகங்கள் சிதறின. எழுந்து நின்று, "இங்கதாண்டா கீறேன்" என்று சடையன் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவன் சொல்லவில்லை. ஊரையே அடித்த அந்தக் கை சருகுக்கு அடியில் மணலைப் பற்றிக்கொண்டு கிடந்தது.

சந்திரம்மா எங்கிருந்தோ ஓடிவந்து போலீஸ்காரர் காலில் விழுந்தாள். "ஐயா சாமி, எம் பிள்ளைய விட்டுருங்க. நாங்க ஒரு பாவமும் அறியாதவங்க."

வயதான போலீஸ்காரர் ஒருவர் காதைத் தீட்டினார். "இது தோட்டத்துப் பேச்சாச்சே. நான் மண்டபம் முகாம்ல நாலு வருசம் டூட்டி பாத்தவன். ஏம்மா, சிலோனா? அங்கேருந்து வந்தவங்களுக்குக் குடுக்கற குடும்பக் கார்டு எங்க?"

கார்டு இல்லை. அவர் சட்டைப் பையிலிருந்து நோட்டை எடுத்தார். அவர்கள் போனபின் மார்கரெட் புத்தகங்களை இடது கையால் ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள். பள்ளத்தின் பக்கம் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

அன்றே சடையன் தெற்கே நழுவிவிட்டான். செய்யூர்ப் பக்கம் குத்தகைக்குச் சவுக்கு வெட்டும் ஒரு கூப்பில், சடையப்பன் என்று பெயரைச் சொல்லி மரம் வெட்டினான். தோள் ஆறிவிட்டது. நீலத் துணியைத் துவைத்து மடித்து இடுப்பில் செருகிக்கொண்டான். தூங்கும்போதெல்லாம் இரண்டு சத்தம் கேட்டது: அந்தச் சமையல்காரனின் முழங்கால், அந்தப் பெண்ணின் மணிக்கட்டு.

மாசி மாதம் வேண்டா கருவாட்டுக் கூடையோடு பஸ் ஏறி அங்கே வந்தாள். கூடையை இறக்குவதற்கு முன்பே பேச ஆரம்பித்துவிட்டாள்.

"நீ இங்க சவுக்கு வெட்டிகினு சொகமா கீற. அங்க அந்தப் பொண்ணு தலமேல ஒலக்க தொங்கிகினு கீது."

"இன்னாடி ஆச்சு?"

"அந்த நோட்டுல எயுதிகினு போனானே கெய்வன், அது மேல போயிடுச்சு. கார்டு இல்லாத சிலோன்காரிங்க, ரெண்டு பேரையும் கப்பல் ஏத்தி அனுப்பணும்னு தாக்கீது. நம்ம மார்கரெட்டு பரீட்ச எயுதணும், இன்னும் ஒரு மாசந்தான் கீது. பள்ளிக்கூடத்து சம்பூர்ணம் டீச்சர் கீறாங்க இல்ல, அவங்கதான் சட்டப் பொஸ்தகத்தப் பாத்து ஒரு வழி சொன்னாங்க."

அந்த வழியை வேண்டா தன் பாஷையில் சொன்னாள். தாத்தா பாட்டியில் ஒருவராவது இந்த மண்ணில் பிறந்தவர் என்று காட்ட வேண்டும். மனுப் போடுவதற்கு முன் ஆறு மாதமாவது இங்கேயே குடியிருந்திருக்க வேண்டும். பதினெட்டு வயது முடிந்திருக்க வேண்டும். இவ்வளவும் இருந்தால் கலெக்டர் அவளை இந்தியப் பிரஜையாகப் பதிவு செய்யலாம். எந்தத் தோணியில் வந்தாள் என்று பார்க்க மாட்டார்கள். மகள் பிரஜையாகிவிட்டால் அம்மாவையும் அனுப்பாமல் நிறுத்திவைக்கலாம் என்றாராம் டீச்சர். மார்கரெட்டுக்குத் தை மாதத்தோடு பதினெட்டு முடிந்தது. டீச்சர் செய்யூர்ப் பக்கத்துப் பழைய தேவாலயம் ஒன்றில் ஞானஸ்நானப் பதிவேட்டைத் தேடிப் பார்த்ததில், தாத்தா ஆபிரகாமின் பெயர் கரையான் அரித்த பக்கத்தில் அரிக்காத வரியில் இருந்தது. ஆண்டவன் விட்டுவைத்த வரி என்று டீச்சர் கண்ணில் ஒற்றிக்கொண்டாராம்.

"அப்புறம் இன்னா பேஜாரு?"

"பேஜாரே நம்ம குப்பந்தான்யா. போன செவ்வாக்கெயம ரெவின்யூ இன்ஸ்பெக்டர் விசாரணைக்கு வந்தாரு. 'இந்தப் பொண்ணு எப்ப வந்திச்சு?'ன்னு கேட்டாரு. நாட்டார் எழுந்து, 'வர்றதாவது சார், பொறந்து வளந்ததே இங்கதான். சடையன் பொண்ணு'ன்னுட்டாரு. அவ்ளதான். மொத்தக் குப்பமும் அதையே பாடிச்சு. ஒரு கெய்வி, நாந்தான் பிரசவம் பாத்தேன்றா! மார்கரெட்டு, 'இல்ல சார், நான் சிலோன்ல பொறந்தவ'ன்னு கத்திச்சு. நாட்டார் ஆளுங்க அது வாயப் பொத்தி இயுத்துகினு போனாங்க. சந்திரம்மா குறுக்க போனா. அவள ஒத்தன் வயித்துல ஒதச்சான். நான் அவன் காதக் கடிச்சேன்." வேண்டா சேலையை விலக்கி முழங்கையில் ஆறாத காயத்தைக் காட்டினாள். "இன்ஸ்பெக்டரு பள்ளிக்கூடத்துப் பொஸ்தகத்தப் பாத்தாரு. அதுல ஒன் பெருவெரலு. சடையன் பொண்ணு, பொறந்தது இங்க. மனுவுல ஆபிரகாம் பேத்தி, பொறந்தது அங்க. 'ரெண்டுல ஒண்ணு பொய்யி. ரேக வெச்ச ஆளு வந்து எது நெசம்னு சொல்லட்டும். வர்ற வியாயக்கெயம செங்கல்பட்டு தாலுக்கா ஆபீசுல விசாரண. ஆளு வரலேன்னா மனு தள்ளுபடி'ன்னு சொல்லிட்டுப் பூட்டாரு."

சடையன் கோடரியைச் சவுக்குக் கட்டையில் குத்தி நிறுத்தினான்.

"நாட்டார் ஏண்டி நெசத்த சொல்லக் கூடாது?"

"சொல்லுவாரா? படகு எரிஞ்ச அன்னிக்கு நம்ம ஆம்பளைங்க எல்லாம் திருவிடந்தை கோயில்ல இருந்தாங்கன்னு ஒரே வாயா சொல்லி வெச்சிக்கீது. இதுல பொய்யின்னு ஒத்துகினா, அதுவும் பொய்யின்னு தெரிஞ்சிடும். அவரு புள்ளையும் உள்ள பூடுவான்."

"நான் போறேன்."

வேண்டா அவனையே பார்த்தாள். போனால் திரும்ப மாட்டான் என்று அவளுக்குத் தெரியும். அதைச் சொல்லத்தான் வந்தாளா, சொல்லாமல் இருக்க வந்தாளா என்று அவளுக்கே தெரியவில்லை. "தலைய சீவிகினு போ. பேய் மாரி கீற" என்றாள்.

நேரே செங்கல்பட்டுக்குப் போயிருக்கலாம். ஆனால் ஊருக்குச் சொல்லாமல் ஊர் வாயை மீற அவனுக்கு மனசு வரவில்லை. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் குப்பத்துக்குப் போய் ஜம்புலிங்கத்தின் எதிரில் நின்றான். வலை வைக்கும் கொட்டகையில் பத்துப் பேர் இருந்தார்கள்.

"நாட்டாரே, நான் ஆபீசுல ஆஜர் ஆவப் போறேன். என் ரேகைய பத்தியும் என் கைய பத்தியும் மட்டுந்தான் சொல்லுவேன். வேற ஒருத்தன் பேரும் என் வாயில வராது."

ஜம்புலிங்கம் கெட்ட மனிதர் அல்ல. பயந்த மனிதர். முப்பது வருஷமாக அந்தப் பயத்தின்மேல்தான் ஊரைக் கட்டி நிறுத்தியிருந்தார். "ஒன்ன ரெண்டு தட்டு தட்டினா எல்லா பேரும் தானா வரும்டா. நாப்பது வூட்டு அடுப்ப அணைக்கப் பாக்கறியா? ஒரு சிலோன்காரிக்காவ?"

"அவ கயித்துல கை வெச்சவ."

முதல் அடி பின்னந்தலையில் விழுந்தது. பிறகு எண்ண முடியவில்லை. துடுப்பு, மரக்கட்டை, ஈரக் கயிறு. கூட வலை இழுத்தவர்கள், நீலமேகத்தின் பாடையைத் தூக்கியவர்கள். விலா எலும்பு ஒன்று உள்ளே வளைவது தெரிந்தது. ஒருவன் அவன் பழைய வெட்டுத் தழும்பின்மேலேயே மிதித்தான். "திருப்பி அடிடா! கை இன்னா கோயிலுக்கு நேந்து வுட்டுட்டியா?" என்று கத்தினான். சடையன் இரண்டு கையையும் தன் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டான். பிறந்ததிலிருந்து அவன் அப்படி நின்றதில்லை. அடித்தவர்களுக்கு அதுதான் பெரிய எரிச்சலாக இருந்தது. அவன் கீழே சாய்ந்து வாயில் மணல் அப்பும்வரை விடவில்லை.

கையையும் காலையும் வலைக் கயிற்றால் கட்டி, வியாழக்கிழமை முடியும்வரை இங்கேயே கிடக்கட்டும் என்று போட்டுவிட்டார்கள்.

புதன்கிழமை காலை ஆண்கள் கடலுக்குப் போனபின் காவலுக்கு உட்கார்ந்தவள் ஜம்புலிங்கத்தின் மனைவி செங்கம்மாள். அவள் பிள்ளையும் அந்தப் படகில் ஏறியவன்தான். வெயில் ஏறும்வரை சடையனை வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டுவந்து அவன் தலையை மடியில் தூக்கிவைத்துக் குடிக்க வைத்தாள். இரத்தம் காய்ந்து ஒட்டியிருந்த கண்ணை முந்தானையால் துடைத்தாள்.

"எம் புள்ள பேரு?"

"சத்தியமா வராது அக்கா."

"நீலமேகத்துக்குக் குடுத்த பால்ல ஒரு வாய் எம் புள்ளைக்கும் குடுத்தவ ஒங்கம்மா" என்றாள். முடிச்சை அவிழ்த்தாள். கஞ்சிச் சட்டியைக் கழுவப்போகிறவள் போல எழுந்து கடல் பக்கமாகத் திரும்பி நின்றுகொண்டாள்.

திருக்கழுக்குன்றம் வழியாகப் போகும் பஸ்ஸில் கண்டக்டர் அவனைப் பார்த்துவிட்டுப் பயணச்சீட்டு கேட்கவே இல்லை. செங்கல்பட்டில் இறங்கியபோது மணி பன்னிரண்டு. தாலுகா ஆபீஸ் வாசலில் பியூன் தடுத்தான். சடையனின் அடிபட்ட முகத்தைப் பார்த்துவிட்டு வழியை விட்டான்.

தாசில்தார் கண்ணாடி போட்ட, பேச்சு குறைந்த மனிதர். சடையன் தன் பெயரைச் சொன்னதும் நிமிர்ந்து பார்த்தார். "விசாரணை நாளைக்குத்தானேப்பா?"

"நாளைக்கு அந்தப் பொண்ணு இருக்கும் சார். அது எதிர்ல என்னால முடியாது."

நாற்காலியைக் காட்டினார். சடையன் உட்காரவில்லை. சொன்னான். பள்ளிக்கூடத்துப் புத்தகத்தில் இருப்பது தன் ரேகை. எழுதியது பொய். அவள் எழுபத்தொன்றாம் வருஷம் ஆவணி மாதம் அம்மாவோடு வந்தவள். அன்றிலிருந்து இந்த ஆறரை வருஷமும் அந்தக் குடிசையை விட்டு வேறெங்கும் போகவில்லை. பொய் சொன்ன வாய் தன்னுடையது. அப்போது அவளுக்குப் பதினோரு வயது.

"ஏன் உன் மகள்னு சொன்னே?"

"கயித்துல கை வெச்சிட்டா சார்" என்றான். பிறகு அந்த வழக்கத்தை விளக்கினான். தாசில்தார் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

"உன்மேல பிடிவாரண்டு இருக்கு, தெரியுமா?"

"தெரியும் சார். அதையும் எயுதிக்கோங்க. படகுல ஒரு சமையல்காரன். அவன் கால ஒடச்சது நான். அவன் என்ன ஒண்ணும் பண்ணல."

"கூட யார் யார்?"

"என் கை மட்டுந்தான் சார் எனக்குத் தெரியும்."

தாசில்தார் வற்புறுத்தவில்லை. எழுதியதைப் படித்துக் காட்டினார். சடையன் பெருவிரலில் மை தடவி அழுத்தினான். அதே விரல், ஆறரை வருஷத்துக்குப் பிறகு அதே ரேகை. கீழே தாசில்தார் தன் கையால், மனுதாரர் கூறுவது உண்மை, பதிவு செய்யப் பரிந்துரைக்கிறேன் என்று எழுதிக் கையெழுத்திட்டார்.

"கலெக்டர் கையெழுத்து பரீட்சைக்குள்ள வந்துடும். அதுவரைக்கும் அவங்களை யாரும் தொட முடியாது."

"நான் வந்தேன்னு அதுக்குத் தெரிய வேணாம் சார்."

"தெரியாது." அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். "இந்தத் தகவலை ஸ்டேஷனுக்கு அனுப்பணும். என் கடமை. ஆனா தபால் கட்டு ஆறு மணிக்குத்தான் கட்டுவாங்க. அதுக்கு முன்னால நீயே போய் நின்னா உனக்கு நல்லது." கதவு வரை கூட வந்தார். அவன் விலாவைப் பிடித்துக்கொண்டு நடப்பதைப் பார்த்து, "டாக்டர்கிட்ட காட்டிட்டுப் போ" என்றார்.

சடையன் டாக்டரிடம் போகவில்லை. கடைத்தெருவில் இடுப்பிலிருந்த வெள்ளி அரைஞாணை அவிழ்த்து விற்றுவிட்டு, துணிக்கடையில் பழைய நீலத் துணியைக் காட்டி அதே நீலத்தில் ஒரு தாவணி கேட்டான். கடைக்காரர் நான்கைந்து எடுத்துப் போட்டார். ஒவ்வொன்றையும் வாசலுக்குக் கொண்டுபோய் வெயிலில் வைத்துப் பார்த்து ஒன்றை எடுத்துக்கொண்டான்.

குப்பத்துக்குள் போகாமல் சவுக்குத் தோப்பு வழியாகக் குடிசைக்கு வந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. தாயும் மகளும் மறுநாள் விசாரணைக்காகச் செங்கல்பட்டில் சம்பூர்ணம் டீச்சர் வீட்டுக்குப் போயிருந்தார்கள். கரையில் வலை இழுக்கும் சத்தம் கேட்டது. இந்தப் பக்கம் யாரும் இல்லை. கதவாக வைத்திருந்த தட்டியின் கயிற்றை அவிழ்த்து உள்ளே போனான்.

மண் சுவரில் ஒரு சிலுவை. அதன் கீழே புத்தகங்கள் அடுக்கியிருந்தன. கொடியில் சந்திரம்மாவின் பழைய பச்சைச் சேலையைக் கிழித்துச் செய்த தாவணி தொங்கியது. நீலத் தாவணி போட்ட நாற்பது பெண்களுக்கு நடுவில் இவள் மட்டும் மூன்று மாதம் பச்சையில் உட்கார்ந்திருக்கிறாள். சடையன் புதுத் தாவணியைப் பிரித்து, மடிப்புக் கலையாமல் அதன் பக்கத்தில் போட்டான்.

இடுப்பில் பழைய துணி இருந்தது. அதையும் அங்கே வைத்தால் யார் வந்தது என்று அவளுக்குப் புரிந்துவிடும். கையில் எடுத்துப் பார்த்தான். இரத்தக் கறை துவைத்துத் துவைத்துப் பழுப்பாகியிருந்தது. திரும்ப இடுப்பிலேயே செருகிக்கொண்டான்.

வெளியே வந்து தட்டியைச் சாத்திக் கயிற்றைக் கட்டினான். இரண்டடி நடந்தவன் நின்றான். கட்டியிருப்பது கடல்காரன் முடிச்சு, பார்த்தால் தெரிந்துவிடும். திரும்பிவந்து, விலா வலிக்க மண்டியிட்டு அதை அவிழ்த்தான். சந்திரம்மா எப்படிக் கட்டுவாள் என்று நினைவுபடுத்திப் பார்த்து, தேயிலைக் கூடைக்குப் போடுகிற மாதிரி, தொளதொளவென்று ஒரு சுருக்கு மட்டும் போட்டு வைத்தான். எழுந்து கால்சட்டையில் ஒட்டிய மணலைத் தட்டிவிட்டு, தோப்பு வழியாக ஸ்டேஷன் இருக்கும் பக்கம் நடந்தான்.